அடுவாசே மைதானத்தின் பின்வழி

கொபினா அர்ஹின், பிரா லயன்ஸ் கால்பந்து கிளப்பில் ஜெர்சி துவைக்கிறவர். பூட்ஸைக் காயவைப்பது, பந்துக்குக் காற்றடிப்பது, அடிபட்ட காலுக்கு எண்ணெய் தேய்ப்பது எல்லாம் அவர் தலையில்தான். இதற்கெல்லாம் மேலே வெளியில் சொல்லாத வேலை ஒன்றும் இருந்தது. வெளியூரில் ஆட்டம் என்றால், பையன்களின் பஸ் போய்ச் சேருவதற்கு முன்னால் அவர் தனியாக ஒரு வண்டி பிடித்துப் போய், அந்த ஊர் மைதானத்தின் வாசலைப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். வாசலில் யாராவது செய்வினை ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று. எல்லாக் கிளப்பும் இதற்கு ஆள் அனுப்பும். நாங்கள் அனுப்புவதில்லை என்று சொல்கிற கிளப்பும் அனுப்பும்.

அடுவாசே தங்கம் தோண்டுகிற ஊர். லயன்ஸின் ஊர் ஷாமா; கடற்கரையில் மீன் பிடிக்கிற ஷாமாக்காரர்களுக்கு அந்த ஊரின் மேல் எப்போதுமே நம்பிக்கை கிடையாது. போன வருஷம் இதே மைதானத்தில், இதே பதினேழு வயதுக்குட்பட்டவர்களுக்கான கோப்பையில், லயன்ஸ் பையன்கள் ஐந்து கோல் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். ஒவ்வொரு தடவையும் தன்னை நோக்கி இரண்டு பந்து வந்ததாகக் கோல்கீப்பர் பையன் சொன்னான். இரண்டில் ஒன்றையாவது பிடித்திருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. பெரியவர்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டினார்கள்.

இந்த வருஷம் இறுதி ஆட்டமே அடுவாசேயில் வந்து விழுந்தது. போதாததற்குப் பெரிய அணியின் கோச் வந்து உட்கார்ந்து பார்க்கப் போகிறார், இரண்டு பையன்களைப் பொறுக்கித் தன் முகாமுக்கு எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று பேச்சு. இரண்டில் ஒருவன் எபோ என்று எல்லோருக்கும் தெரியும். இடதுகால் பையன். பந்தோடு நேரே போகமாட்டான், பக்கவாட்டில் நழுவுவான். அதனால் அவனுக்கு நண்டு என்று பெயர். அவன் அம்மா ஆராபா மீனுக்குப் புகைபோட்டு விற்கிறவள். பையனைக் கிளப்பின் விடுதியில் விட வந்த அன்று, கோச்சிடமும் மேனேஜரிடமும் ஒன்றும் பேசாமல், துணி துவைத்துக்கொண்டிருந்த கொபினாவிடம் வந்து, "அண்ணே, உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு யாரை நம்புவது என்று தெரிந்திருக்கிறது என்று கொபினா அன்றைக்கு நினைத்துக்கொண்டார்.

காலையில் கொபினா போனபோது மைதானத்தின் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. ஆள் நடமாட்டம் அதிகமில்லை. இரண்டு தூணுக்கும் நடுவே மண் புதிதாகக் கிளறப்பட்டு ஈரமாக இருந்தது. அதன் நடுவே ஒரு முட்டை, பாதி புதைந்து பாதி தெரிந்தது. உடையாத முட்டை. அதைச் சுற்றிச் சிவப்புப் பனையெண்ணெய். எண்ணெயில் எறும்புகூட இல்லை. அதைத்தான் அவர் குனிந்து இரண்டு முறை பார்த்தார். எண்ணெய் கொட்டினால் எறும்பு வரவேண்டாமா?

கதவுக்கு உள்ளே, சீட்டு கிழிக்கிற பெட்டியின் மேல் ஆரஞ்சுப் பழங்களை அடுக்கிக்கொண்டிருந்த பருத்த பெண்மணி அவரைப் பார்த்துவிட்டாள்.

"என்னண்ணே, வெளியவே நிக்கிறீங்க? உள்ள வாங்களேன்."

உள்ளே வாங்க என்று அவள் சொன்ன விதமே அவருக்குப் பிடிக்கவில்லை. திரும்பி நடந்தார். பிறகு ஓடினார்.

பையன்களின் பஸ் ஊருக்கு வெளியே ஒரு தேவாலயத்தின் பக்கத்தில் நின்றிருந்தது. மேனேஜர் அமிஸா கீழே இறங்கிச் சட்டைக் காலரை விசிறிக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, வாசல் சுத்தமா?"

"ரொம்பச் சுத்தம். நடுவுல ஒரு முட்டை மட்டும் இருக்கு."

அமிஸா விசிறுவதை நிறுத்தினான். லயன்ஸின் கோச் பெயர் பெந்தில், பயிற்சிக் கல்லூரியில் படித்துச் சான்றிதழ் வாங்கியவர். அவர் சிரிக்கப் பார்த்தார். "அவிச்சதா, பச்சையா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. "இதையெல்லாம் நான் நம்புறதில்ல அமிஸா."

"அப்ப நீங்க முதல்ல மிதிச்சுட்டுப் போங்க கோச். நாங்க பின்னாலயே வர்றோம்."

கோச் கழுத்தில் தொங்கிய விசிலைக் கையில் எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"எனக்கு ஒரு வழி தெரியும்" என்றான் அமிஸா. "இந்த ஊர் போர்டிங்லதான் நான் படிச்சேன். மைதானத்துக்குப் பின்னால முழுக்கக் கோக்கோ தோட்டம். அந்தப் பக்கமா வந்து சுவர் ஏறிக் குதிச்சு, டிக்கெட் இல்லாம எத்தனை ஆட்டம் பார்த்திருக்கேன் தெரியுமா? வாசலே வேணாம். வாசல்ல இருக்கறது வாசல்லயே இருக்கட்டும்."

யாரும் மறுக்கவில்லை. கொபினாவும் மறுக்கவில்லை. அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பையன்களை இறக்கி வரிசையில் நிற்க வைத்தார்கள். அமிஸா விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னான். "ஒருத்தன் பின்னால ஒருத்தன். யாரும் பேசக்கூடாது. யாராவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டா பதில் சொல்லக்கூடாது. பின்னால என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்க்கக்கூடாது. உங்க அம்மா குரல்ல கூப்பிட்டாலும் சரிதான். திரும்பினவன் காலு இன்னைக்கு ஓடாது. புரியுதா?"

"போன் அடிச்சா எடுக்கலாமா சார்?" என்றான் ஒருவன்.

"உன் பல்லை எடுத்துருவேன்."

"நண்டுக்குப் பின்னால மட்டும் யாரும் போகாதீங்கடா" என்று கோல்கீப்பர் பையன் கிசுகிசுத்தான். "அவன் பக்கவாட்டுல நடந்து வேற ஊருக்குப் போயிருவான்."

எபோ அவன் பிடரியில் ஒரு தட்டு தட்டினான். அதுதான் கடைசிச் சிரிப்பு.

அமிஸா சொன்ன கோக்கோ தோட்டம் அங்கே இல்லை. ஒரு காலத்தில் இருந்திருக்கலாம். இப்போது அங்கங்கே ஒரு கோக்கோ மரம், செத்துக் கருத்துப் போய் நின்றது. மற்றபடி ஆள் உயரப் புல், மஞ்சள் மண் மேடுகள், மேடுகளுக்கு நடுவே கலங்கிய தண்ணீர். முந்தின நாள் பெய்த மழையில் தடமெல்லாம் வழுக்கியது. கள்ளத்தனமாகத் தங்கம் தோண்டுகிறவர்கள் தோண்டிவிட்டுப் போன நிலம் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அமிஸாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவன் முன்னால் போய்க்கொண்டே இருந்தான். வழி தெரியும் என்று ஒருமுறை சொல்லிவிட்ட ஆள் எங்கே நிற்கப் போகிறான்?

கொபினா கடைசியில் வந்தார். தலையில் ஜெர்சிப் பை. பையின் கனத்தில் கழுத்தை நிமிர்த்த முடியாமல், கால் வைக்கிற இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தார். முன்னால் போகிற பையன்கள் புல்லுக்குள் வளைந்து வளைந்து மறைந்தார்கள். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. சளப், சளப்.

அப்போதுதான் கேட்டது.

"மாமா."

பின்னாலிருந்து வந்தது. பக்கத்திலும் இல்லை, தூரத்திலும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு பேசுவது போல, மண்ணுக்கு உள்ளேயிருந்து வருவது போல. கொபினாவுக்கு முதுகுத் தோல் சுருங்கியது. நான்தானே கடைசி ஆள், எனக்குப் பின்னால் யார்?

"மாமா. கொபினா மாமா."

பெயர் தெரிந்திருக்கிறது. முட்டை கண்ணுக்கு முன்னால் வந்தது. நடையை எட்டிப் போட்டார். குரல் அடுத்து ஒவ்வொரு பையனாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. முன்னால் செருப்புச் சத்தமும் வேகமானது. பையன்களும் கேட்டுக்கொண்டுதான் போகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. கடைசியில் குரல் பெயரை விட்டுவிட்டு வெறுமனே கத்தியது. கொபினா வாய்க்குள் பிரார்த்தனை சொல்லிக்கொண்டே ஓடினார்.

மைதானச் சுவருக்கு வெளியே தோண்டிய மண் குவிந்து கிடந்ததால் ஏறுவது சுலபமாக இருந்தது. உள்ளே குதிக்கிற பக்கம் ஓர் ஆளுக்கு மேல் உயரம். ஒருவரை ஒருவர் பிடித்து இறக்கினார்கள். கீழே வந்ததும் பையன்களுக்கு உயிர் வந்தது. பெரிய காரியம் செய்துவிட்டவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். உடை மாற்றுகிற அறையையும் நம்ப முடியாது என்பதால் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடியில் கொபினா பையை அவிழ்த்தார். எண் சொல்லி ஜெர்சியைக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

"எட்டு" என்றார்.

கை வரவில்லை.

"எட்டு! நண்டு எங்கடா?"

எட்டாம் எண் ஜெர்சி அவர் கையில் தொங்கியது. அந்த நொடியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பையன்களின் தலையை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

"என்னைக் கூப்பிட்டுச்சு மாமா" என்றான் கோல்கீப்பர் பையன். அவன் முகத்தில் இன்னும் பெருமை மிச்சமிருந்தது. "ரெண்டு தடவை கூப்பிட்டுச்சு. அப்படியே அவன் குரல் மாதிரியே. நான் திரும்பவே இல்லையே."

"என்னையும்தான்" என்றான் இன்னொருவன். "நானும் திரும்பல."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் வாய் திறந்தபடி நின்றது. மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கொபினா அமிஸாவின் கையைப் பிடித்து இழுத்தார். "அது பையன். அந்தக் குரல் பையன். குழியில விழுந்துட்டான்."

"கத்தாதீங்க" என்றான் அமிஸா. பல்லைக் கடித்துக்கொண்டு, சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பேசினான். எதிரே மரப்பலகை வரிசையில் பெரிய அணியின் கோச் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். "வெளிக்கு ஒதுங்கியிருப்பான். வந்துருவான்."

"அவன் எல்லார் பேரையும் சொல்லிக் கூப்பிட்டான்யா!"

"மாமா, சுவர் ஏறி வந்தோம்னு தெரிஞ்சா ஆட்டமே போயிரும். இந்த ஊரே சிரிக்கும். ஆட்டம் முடியட்டும், நானே ஆள் கூட்டிட்டுப் போறேன். எட்டை வேற பையனுக்குக் குடுங்க."

கொபினா கோச் பெந்திலைப் பார்த்தார். அவர் மைதானத்து வெள்ளைச் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு, "நேரம் ஆச்சு, நேரம் ஆச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். படித்தவன் பயந்தால் நேரம் பார்ப்பான் போலிருக்கிறது.

சுவரை எட்டிப் பிடிக்கப் பார்த்தார் கொபினா. கை வழுக்கியது. அறுபதை நெருங்குகிற உடம்பு. அந்தப் பக்கம் வேறு வாசல் கிடையாது. ஜெர்சியைத் தோளில் போட்டுக்கொண்டு, மைதானத்தின் நடுவாகவே ஓடினார். கூட்டம் விசிலடித்தது. "பெரியவரே, உங்களையும் ஆட்டத்துல சேர்த்துட்டாங்களா?" என்று யாரோ கத்தினார்கள்.

இரும்புக் கதவுக்கு வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. முட்டை அங்கேயே இருந்தது. இத்தனை பேர் வந்துபோயும் அது உடையாமல் இருந்தது.

ஆரஞ்சுக்காரப் பெண்மணி எழுந்து நின்றாள். "ஏண்ணே, காலையில உள்ள வரமாட்டேன்னீங்க. இப்ப வெளிய போகமாட்டேங்கறீங்களா?"

அவர் முட்டையைக் காட்டினார்.

"அதை நீங்கதானே வெச்சீங்க?" என்றாள் அவள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க ஆளுங்க ராத்திரியோட ராத்திரியா வந்து வெச்சுட்டுப் போயிட்டாங்கன்னு எங்க பசங்க காலையிலயிருந்து இந்தத் தூணோரமா ஒட்டி ஒட்டித்தான் வர்றாங்க. பாருங்க, சுவர்ல எத்தனை முதுகு தேய்ஞ்சிருக்குன்னு."

தூணோரச் சுவரில் வெள்ளையடித்தது தேய்ந்துதான் இருந்தது. அவள் பொய் சொல்கிறாளா என்று கொபினா அவள் கண்ணைப் பார்த்தார். பொய்யில்லை. அவளுக்கும் அதே பயம்தான். அப்படியானால் இதை வைத்தது யார்? அந்த எண்ணம் அவரை இன்னும் மோசமாக உலுக்கியது. ஆனால் காதுக்குள் அந்தக் குரல் கத்திக்கொண்டே இருந்தது. தூணோரமாக ஒட்டிப் போக அவருக்குப் பொறுமையில்லை. கண்ணை மூடிக்கொண்டு முட்டையைத் தாண்டினார். ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்.

வெளியே அடுவாசே ரசிகர்கள் கூட்டமாக நின்றார்கள். அவர்கள் காலில் விழாத குறையாகக் கொபினா சொன்னார். எங்கள் பையன் ஒருவனைக் காணோம், சுவர் ஏறி வந்தோம்.

ஒரே சிரிப்பு. "ஓஹோ, மீன்காரங்க சுவர் ஏறி வந்தாங்களாம்ப்பா! வலை கொண்டுவந்தீங்களா?"

"எந்தப் பக்கம் ஏறினீங்க பெரியவரே? கடல் பக்கமா?"

"பின்பக்கம்" என்றார் கொபினா. "செத்த கோக்கோ மரமெல்லாம் நிக்குதே, அது வழியா."

சிரிப்பு அப்படியே நின்றது. ஒருவன் வாயிலிருந்த பல்குச்சியை எடுத்துக் கீழே போட்டான். அந்த முகங்களைப் பார்த்ததும் கொபினாவுக்கு அதுவரை இருந்த பயமெல்லாம் பயமே இல்லை என்று ஆகிவிட்டது.

"அங்க நாங்களே போகமாட்டோம்" என்றான் பல்குச்சிக்காரன். "சாதிக்! டேய் சாதிக்கைக் கூப்பிடுங்கடா!"

சாதிக் வடக்கிலிருந்து பிழைக்க வந்தவன். அந்தக் குழிகளில் இறங்கித் தோண்டிய ஆள். ஒல்லியாக இருந்தான். கோட் சூட் போட்டு ஆட்டம் பார்க்க வந்தவன், கோட்டைக் கழற்றி ஆரஞ்சுப் பெட்டியின் மேல் வைத்தான். ஆடு கட்டியிருந்த கயிறு, கடைக்குப் பந்தல் போட்டிருந்த கயிறு, எல்லாம் அவிழ்ந்து வந்தது.

"ஓடாதீங்க" என்றான் சாதிக் கொபினாவிடம். "என் கால் பட்ட இடத்துலயே கால் வைங்க. நேத்து மழையில எல்லாம் ஊறிக் கெடக்கு. புல்லு இருக்குன்னு நம்பாதீங்க. புல்லுக்குக் கீழ ஒண்ணும் இருக்காது."

ஒரு நீளக் கம்பால் குத்திக் குத்திக்கொண்டு அவன் முன்னால் போனான். சில இடத்தில் கம்பு டொக்கென்று நின்றது. சில இடத்தில் சத்தமே இல்லாமல் முழுசாக உள்ளே போனது. அப்படிப் போகும்போதெல்லாம் கொபினா கம்பு போன இடத்தையே பார்த்தார். இதே வழியாகத்தான் இத்தனை பையன்களையும் நடத்திக் கொண்டுபோனோம்.

"கூப்பிடுங்க" என்றான் சாதிக். "சத்தம் வந்தாத்தான் எந்தக் குழின்னு தெரியும்."

"எபோ!" என்று கத்தினார் கொபினா.

ஒன்றும் இல்லை. தவளைச் சத்தம்கூட நின்றுவிட்டது.

"எபோ! டேய் எபோ!"

பின்னால் வந்த அடுவாசேக்காரர்களும் சேர்ந்து கத்தினார்கள். எபோ, எபோ என்று அந்தப் புல்வெளி முழுக்கப் பெயர் அலைந்தது. பதில் வரவில்லை. சாதிக் குனிந்து, கொபினா கேட்காத மாதிரி பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொன்னான். கொபினாவுக்கு அது கேட்டுவிட்டது. தண்ணி ஏறியிருக்கும் என்றான்.

அப்போதுதான் கொபினாவுக்கு உறைத்தது. யாராவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டா பதில் சொல்லக்கூடாது. பையன் உயிரோடு இருந்தாலும் பதில் சொல்லமாட்டான். அவன் கூப்பிட்டபோது யாரும் வரவில்லை. இப்போது முன்பின் தெரியாத குரல்கள் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு புல்லுக்குள் வருகின்றன. கொபினா மாமாவின் குரல் மாதிரியே ஒன்று. எபோ கீழே எங்கேயோ வாயைப் பொத்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருக்கிறான்.

"கத்தாதீங்க!" என்றார். "யாரும் பேரைச் சொல்லாதீங்க!"

பேர் சொல்லாமல் எப்படிக் கூப்பிடுவது? நான்தான் என்று எப்படித் தெரியவைப்பது? அவருக்கு மூளை வேலை செய்யவில்லை. ஆத்திரமும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. வந்த வார்த்தையைக் கத்தினார். தினமும் சாயங்காலம் விடுதி வாசலில் நின்று கத்துகிற அதே கத்தல்.

"எந்த நாய்டா சாக்ஸை பூட்ஸுக்குள்ளயே சுருட்டி வெச்சது! என்னை என்ன உன் பொண்டாட்டின்னு நெனச்சியா! நாத்தம் ஷாமா வரைக்கும் அடிக்குதுடா, ஊத்த வாயா!"

அடுவாசேக்காரர்கள் அவரைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

இடது பக்கம், ஒரு மண் மேட்டுக்கு அப்பால், தரைக்குக் கீழேயிருந்து ஒரு விசும்பல் வந்தது. அப்புறம் ஒரு சின்னக் குரல்.

"நான் இல்ல மாமா. அது கீப்பரோட சாக்ஸு."

சாதிக் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினான். தரையில் குப்புறப் படுத்து ஊர்ந்து போனான். கொபினாவும் படுத்து ஊர்ந்தார். புல்லை விலக்கினால், ஓர் ஆள் மட்டும் இறங்குகிற அளவுக்குக் கிணறு போல ஒரு குழி. கீழே இருட்டில் எபோவின் முகம் மஞ்சள் மண் பூசி, கண் மட்டும் தெரிந்தது. தண்ணீர் கழுத்து வரைக்கும் இருந்தது. கோக்கோ வேர் ஒன்றை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தான்.

"கால் எங்கயோ மாட்டிக்கிச்சு மாமா. கீழ சேறு இழுக்குது."

"பேசாதே. வேரை விட்றாதே."

குழியின் விளிம்பிலிருந்து ஒரு கட்டி மண் பெயர்ந்து அவன் தலைக்குப் பக்கத்தில் விழுந்தது. தண்ணீர் அவன் வாய்க்கு ஏறி இறங்கியது. அவன் கத்தவில்லை. கொபினாதான் கத்தினார்.

சாதிக் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான். கோட்டுக்குப் பொருத்தமாகப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு தலைகீழாக உள்ளே இறங்கினான். மேலே ஐந்தாறு பேர் கயிற்றைப் பிடித்து எட்ட நின்றார்கள். விளிம்பில் கனம் ஏறக்கூடாது. ஒரு வருஷமாக இவர்களைத்தான் கொபினா சூனியக்காரர்கள் என்று வைதுகொண்டிருந்தார். இப்போது அவர்களில் ஒருவன் அவருடைய கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, "முன்னால போகாதீங்கப்பா, போகாதீங்கப்பா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

சாதிக் தண்ணீருக்குள் முங்கினான். வெகு நேரம் காணவில்லை. எபோ மேலே பார்த்துக்கொண்டே இருந்தான், கண் இமைக்காமல். மேலே கயிற்றை இழுக்கவும் சாதிக் தலையைத் தூக்கி மூச்சு வாங்கினான். மறுபடி முங்கினான். எபோ ஓர் அலறல் அலறினான், கால் வந்துவிட்டது என்று அதிலேயே தெரிந்தது.

"இழுங்க!"

இழுத்தார்கள். இருவரும் விளிம்புக்கு வந்தபோது அந்தப் பக்கச் சுவர் முழுசாகச் சரிந்து, எபோ பிடித்திருந்த வேரோடு தண்ணீருக்குள் போனது. குழி வாய் இரண்டு மடங்கு அகலமானது. எல்லோரும் பின்னால் ஊர்ந்தார்கள். சாதிக் மல்லாந்து கிடந்து வாயில் போன மண்ணைத் துப்பிவிட்டு, "மீன்காரங்களுக்கு நீச்சல் தெரியும்னாங்க" என்றான். சிரிக்க யாருக்கும் தெம்பு இல்லை.

எபோவின் இடதுகால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. கொபினா தோளில் கிடந்த எட்டாம் எண் ஜெர்சியால் அதைப் போர்த்தினார். மூட வேறு துணி இல்லை. பையன் அதைப் பார்க்கவும் கூடாது.

வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது உள்ளே ஆட்டம் ஆரம்பித்திருந்தது. பல்குச்சிக்காரன் தன் பிக்-அப் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். அமிஸா தூணோரமாக உரசிக்கொண்டு வெளியே வந்தான். பையனை ஒரு பார்வை பார்த்தான். காலை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கொபினாவை ஓரமாக இழுத்தான்.

"பார்த்தீங்கல்ல மாமா, முட்டை வேலை செஞ்சிருச்சு. நல்லவேளை, ஒருத்தனோட போச்சு."

கொபினா வண்டிப் பக்கம் திரும்பினார்.

"ஆஸ்பத்திரியில வார்ம்-அப்ல விழுந்தான்னு சொல்லிருங்க. அவங்க அம்மாகிட்டயும் அதேதான். எல்லாருக்கும் ஒரே பேச்சா இருக்கணும். கிளப் இருந்தாத்தான் உங்களுக்கும் வேலை."

"தள்ளு" என்றார் கொபினா.

பிக்-அப்பின் பின்பக்கம் சாக்குகளின் மேல் எபோவைக் கிடத்தி, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். சாதிக் எதிரே உட்கார்ந்து காலை ஆடாமல் பிடித்துக்கொண்டான். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் பையன் பல்லைக் கடித்தான். அவன் பாதம் ஐஸ் மாதிரி இருந்தது. கொபினா அதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"தெரியுதாடா?"

"எது மாமா?"

"நான் தொடறது."

எபோ காலைப் போர்த்தியிருந்த ஜெர்சியைப் பார்த்தான். "இல்ல."

சாதிக் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மாமா, என் தப்புதான்" என்றான் எபோ. "பின்னால யாரோ கூப்பிட்டாப்பல இருந்துச்சு. திரும்பிட்டேன். திரும்பக்கூடாதுன்னு சார் சொன்னாரு. திரும்பித்தான் கால் வழுக்கித் தடத்தை விட்டுப் புல்லுக்குள்ள விழுந்தேன். அதுக்குத்தான் யாரும் எனக்குப் பதில் சொல்லல, இல்ல? நீங்க பையோட என்னைத் தாண்டிப் போறது புல்லுக்குள்ள தெரிஞ்சுச்சு. அப்ப நான் பாதிதான் உள்ள போயிருந்தேன்."

பாதிதான் உள்ளே போயிருந்தான். ஒரு கை கொடுத்திருந்தால் போதும்.

"உன் தப்பு ஒரு மயிரும் இல்ல" என்றார். "நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. வாயை மூடிட்டுப் படு."

எபோ கண்ணை மூடிக்கொண்டான். அவன் கை மட்டும் கொபினாவின் சட்டையை இறுக்கிப் பிடித்தது. மைதானத்தின் பக்கமிருந்து ஒரு பெருங்கூச்சல் எழுந்து வண்டியைத் துரத்திக்கொண்டு வந்தது. யாரோ கோல் போட்டிருக்கிறார்கள். மூன்று பேரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் பையனைத் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். கால் இருக்குமா என்று கேட்டதற்கு அந்த இளம் டாக்டர் பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். பார்ப்போம் என்கிற வார்த்தையைக் கொபினா தன் வாழ்நாளில் ஒருபோதும் நம்பியதில்லை. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தார். போனை எடுத்தார். விரலில் மஞ்சள் மண் காய்ந்து போயிருந்தது. இரண்டு தடவை வேறு யாருக்கோ போய்விட்டது. மூன்றாவதில் ஆராபா எடுத்தாள்.

பின்னால் மீன் புகைபோடுகிற பெண்களின் பேச்சும் சிரிப்பும் கேட்டது.

"அண்ணே! முடிஞ்சிருச்சா? எத்தனை கோல் போட்டான் உங்க நண்டு? இங்க எல்லாரும் என் உசுரை எடுக்கறாளுங்க. பெரிய டீம்ல எடுத்துட்டா எங்களையெல்லாம் மறந்துருவேன்னு சொல்றாளுங்க."

வார்ம்-அப்பில் விழுந்தான் என்று சொன்னால் போதும், இரண்டு வார்த்தை. அவள் நம்பிவிடுவாள். அவர் சொல்வது எதையும் அவள் நம்புவாள்.

"ஆராபா, உக்காரு" என்றார்.

அந்தப் பக்கம் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது.

"உயிரோட இருக்கான். அதை முதல்ல கேட்டுக்கோ. உயிரோட இருக்கான். கால் மட்டும்... கால் எனக்குத் தெரியல. பஸ்ஸைப் பிடிச்சு வா. ஆனா அதுக்கு முன்னாடி நான் சொல்றதை முழுசா கேளு. காலையில வாசலைப் பார்க்கப் போனது நான்தான்..."